நான் மகிழ்ந்த ஒன்பது கிலோ

என் மகள் பவித்ரா நலமாக இருக்கிறாள். கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி அனுபவங்களைப் படிக்கும்போது முடிவு என்ன ஆகுமோ என்று பயந்து கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள் நான். படிக்கிறவர்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். அவளுக்கு நோய் வந்தது நான்கு வருடங்களுக்கு முன்பு, பதினான்கு வயதில். இன்றைக்கும் அவள் இரண்டாவது தடவை தண்ணீர் கேட்டால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

ஆமத்தூரில் எங்கள் காம்பவுண்டுக்குள் இரண்டு வீடுகள். முன்வீட்டில் என் கணவரின் அண்ணன், அவர் மனைவி இந்திரா அக்கா, அவர்கள் மகள் செல்வி. பின்வீட்டில் நாங்கள் மூவர். நடுவில் ஒரு தகரக் கொட்டகை. சிவகாசியிலிருந்து அச்சடித்த அட்டை வரும். அதை மடித்து, கம்பி மத்தாப்புக்கான பெட்டியாக ஒட்டி அனுப்பும் வேலையை அண்ணனும் தம்பியும் சேர்ந்து எடுத்து நடத்தினார்கள். பன்னிரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். நான் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. அக்கா எட்டாவதோடு நின்றவர். பசை காய்ச்சுவதிலிருந்து லோடு அனுப்புவதுவரை கொட்டகை அவர் கையில் இருந்தது.

எனக்கு அக்காமேல் பொறாமை. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் நடந்தது யாருக்கும் விளங்காது. அவர் அதட்டாமலே கொட்டகையில் வேலை நடக்கும். அவர் வைக்கும் புளிக்குழம்பு வாசத்துக்கு என் கணவர் தன் தட்டோடு முன்வீட்டுக்குப் போய்விடுவார். கல்யாணச் சீரில் வந்த ஃபிரிட்ஜ் அவர் வீட்டில் இருந்தது; எங்கள் வீட்டில் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மகள் பையை எங்கள் வாசலில் எறிந்துவிட்டு, "பெரியம்மா" என்று கத்திக்கொண்டே அவர் அடுப்படிக்குத்தான் ஓடுவாள். செல்வி மாவட்டக் கபடி அணியில் ஆடினாள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். பவித்ராவைவிட இரண்டே மாதம் மூத்தவள்.

செல்வி குண்டு. பவித்ரா ஒல்லி. அக்காவிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

கொட்டகையில் அட்டைக் கட்டு நிறுக்க ஒரு மேடைத் தராசு உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்க எல்லாரும் காத்திருக்கும்போது பிள்ளைகள் இருவரும் அதில் ஏறி நிற்பார்கள். அது வாராவாரம் நடக்கும் வேடிக்கை.

"ஏ, செல்வி ஏறுதா, தராசக் கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்கடி!" என்பார் பாண்டியம்மா. எங்களிடம் அதிக வருடம் வேலை பார்த்தவர் அவர்.

"என்னை ஒரு ஆளாக் கணக்குப் போடாதீக. ரெண்டு கட்டுக்குச் சமம்" என்று செல்வியே சொல்லிச் சிரிப்பாள்.

அடுத்து பவித்ரா ஏறுவாள். "டீச்சர் மக ஏறுனா முள்ளே அசையலயே! மேல ஒரு கட்டு அட்டைய வைங்க, காத்துல பறந்துறப் போகுது."

அந்தச் சிரிப்பு எனக்கு இனிக்கும். செல்வி ஐம்பத்தெட்டு, பவித்ரா நாற்பத்து நான்கு. அக்காவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்.

அந்த வருடம் ஆடி மாதம் ஒரு வாரப் பத்திரிகையில் வளரும் பெண்களின் உணவு பற்றிப் படித்தேன். அதன்படி பவித்ராவுக்கு இரவில் சோற்றை நிறுத்தி இரண்டு சப்பாத்தி வைத்தேன். இனிப்பு கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஆவணி பிறந்தபோது எடை இறங்கத் தொடங்கியது. நாற்பத்திரண்டரை, நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலண்டர் கட்டத்துக்குள் எழுதினேன். பள்ளிக்கூட ஆசிரியைகளிடம்கூடக் காட்டினேன். என் திட்டம் பலிக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு லிட்டர் பாட்டில் அவளுக்குப் பத்தவில்லை. பள்ளிக்கு இரண்டு கொண்டுபோனாள். எங்கள் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காதவர் யார்? பத்திரிகையும் குடிக்கத்தானே சொன்னது? ராத்திரியில் நான்கு தடவை எழுந்து பாத்ரூம் போனாள். குடித்த தண்ணீர் என்று விட்டுவிட்டேன். பாத்ரூம் மூலையில் கட்டெறும்பு மொய்த்தது. எறும்புப் பொடி வாங்கித் தூவினேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரிவிகித உணவு நடத்துகிறவள் நான். எல்லாம் கண்ணெதிரே இருந்தும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சேர்த்துப் பார்த்தவர் அக்கா. புரட்டாசியில் ஒருநாள் பசை கிண்டிக்கொண்டே கேட்டார்.

"ராஜி, பிள்ளைக்குக் கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. விருதுநகர்ல ஒரு டாக்டர்ட்ட காட்டிரு."

"நல்லாத்தான் இருக்காக்கா. டயட்ல இருக்கா."

"டயட்டோ என்னமோ. சாயந்திரம் எங்க வீட்டுல நாலு தோசை திங்கா. அம்புட்டுத் தின்ன பிள்ளை இப்படியா வத்தும்?"

அதில் எனக்குக் கேட்டது ஒன்றுதான்: என் மகள் எனக்குத் தெரியாமல் அங்கே தோசை தின்கிறாள். என் மகள் மெலிவது அக்காவுக்குப் பொறுக்கவில்லை என்றும் தோன்றியது.

"எல்லாப் பிள்ளையும் செல்வி மாதிரியே இருக்கணுமாக்கா?"

அக்கா துடுப்பைச் சட்டியின் ஓரத்தில் தட்டிவிட்டு அடுப்பைத் தணித்தார். பொறாமை என்னிடம் இருந்தது. அதை எடுத்து அவர்மேல் போட்டுவிட்டு நான் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. சீசன் உச்சம். கடைசி ஆர்டர்களுக்காகக் கொட்டகையில் விளக்கு அணையாமல் வேலை நடந்தது. வெள்ளிக்கிழமை பவித்ரா வயிறு வலிக்கிறது என்று பள்ளிக்குப் போகவில்லை. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். சோர்ந்து கிடந்தவளுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று டப்பாக் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். மறுபடி கேட்டாள், மறுபடி கொடுத்தேன். அன்று முழுவதும் ஐந்து டம்ளர். என் கையால், ஊட்டி.

சனிக்கிழமை காலையில் அவளை எழுப்ப முடியவில்லை. கண்ணைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். மூச்சு மட்டும் ஓடி வந்தவள் மாதிரி ஆழமாக வாங்கிக்கொண்டிருந்தது. நான் கத்தியதில் அக்கா பசைக் கையோடு ஓடிவந்து அவள் முகத்தருகே குனிந்தார்.

"வாயில என்ன இப்படி அழுகுன பழ வாடை அடிக்கி? என்னத்தக் குடுத்த?"

"குளுக்கோஸ்தான்க்கா."

"தூக்கு. பேசிக்கிட்டு நிக்காத, கால் பக்கம் பிடி."

வாசலில் லோடு வேன் பெட்டிக் கட்டுகளோடு சிவகாசிக்குப் புறப்பட நின்றது. லோடை இறக்க நேரமில்லை. அக்காவின் கணவர் அப்படியே விருதுநகர் பக்கம் திருப்பினார். என் கணவர் பைக்கில் பின்னால் வந்தார். முன்சீட்டில் நானும் அக்காவும். எங்கள் இருவர் மடியிலும் நீளமாக பவித்ரா. அவள் தலை அக்காவின் மடியில் இருந்தது. அந்த நிலையிலும் அது என் கண்ணில் பட்டது.

விருதுநகரில் டாக்டர் அவள் விரல்நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன மீட்டரில் வைத்தார். எண் வரவில்லை. அளக்க முடிகிற எல்லையைச் சர்க்கரை தாண்டிவிட்டால் அந்த மீட்டர் எண்ணுக்குப் பதிலாக 'ஹை' என்று காட்டுமாம்.

"எத்தனை நாளா மெலியிறா?"

"ரெண்டு மாசமா. டயட்..."

"எத்தனை கிலோ?"

"ஒம்பது" என்றேன். அத்தனை சனிக்கிழமைகளும் எனக்கு மனப்பாடம்.

"டயட்ல இல்லம்மா. பிள்ளையோட உடம்பு தன்னைத்தானே தின்னுக்கிட்டு இருந்திருக்கு" என்றார். உடனே குளுக்கோஸ் கலக்காத உப்புநீர் பாட்டிலைக் கையில் ஏற்றி, மதுரைக்கு ஆம்புலன்ஸ் சொன்னார்.

அவளுக்கு வந்ததன் பெயர் டைப் ஒன் சர்க்கரை நோய். மதுரைப் பெரிய டாக்டர் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன். நாம் தின்பது சர்க்கரையாக ரத்தத்தில் கலக்கிறது. அதை உடம்பு பயன்படுத்திக்கொள்ள இன்சுலின் என்ற சுரப்பு வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் கணையம் அதைச் சுரக்கிறது. சில பிள்ளைகளுக்குக் கணையம் அதைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அப்போது எவ்வளவு தின்றாலும் உடம்பில் சேராது. சர்க்கரை சிறுநீரில் வெளியேறும். அதனால் தாகம், அதனால் எறும்பு. பட்டினி கிடக்கும் உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் கரைத்து எரிக்கும். அதில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து ரத்தத்தை நஞ்சாக்கும். மூச்சு வாங்குவதும் பழ வாடையும் அந்த அமிலத்தால் வந்தவை.

"நான் சோறு குறைச்சதால வந்துச்சா டாக்டர்?"

"இல்லம்மா. அதனால இது வராது."

"அப்ப நான் குடுத்த குளுக்கோஸ்?"

"அது கொஞ்சம் கூட்டியிருக்கும். ஆனா நோய் முன்னாடியே வந்துருச்சு. சீக்கிரம் கூட்டிட்டு வந்திருந்தா இம்புட்டு தூரம் போயிருக்காது. ஒல்லியா இருக்கான்னு சந்தோஷப்படுறது பெருசில்ல. ஏன் இளைக்கிறான்னு கேட்டிருக்கணும்."

ஏன் என்று கேட்ட ஒரே ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நகத்தில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டரை நாள். இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார்கள். மணிக்கொரு தடவை விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால் மூளை வீங்கிவிடும் என்றார்கள். மெல்ல இறக்க வேண்டும். காலையும் மாலையும் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். பச்சை அங்கி, மாற்றுச் செருப்பு. உள்ளே வெள்ளைத் துணிக்கடியில் என் மகளின் கால்கள் இரண்டு குச்சிகளாகத் தெரிந்தன. அந்தக் கால்களைப் பார்த்துத்தான் நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பூரித்தேன்.

வெளியே வராந்தாவில் ஐம்பது பேர் இருப்போம். யார் பெயரையாவது கூப்பிட்டால் ஐம்பது பேரும் எழுந்திருப்போம். என் கணவர் மருந்துச் சீட்டுக்கும் பில் கவுண்டருக்கும் நடந்தபடியே இருந்தார். ஊரிலிருந்து பஸ்ஸில் செல்வி வந்தாள். எங்களுக்கு மாற்றுத் துணி, அக்கா சொன்னபடி இரண்டு தூக்குவாளிச் சோறு, பாண்டியம்மா கொடுத்துவிட்ட விபூதிப் பொட்டலம் எல்லாம் அவள் கையில்.

"சித்தி, நீங்க சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் என்னெதிரே உட்கார்ந்து தேங்காய் பன்னைத் தேநீரில் நனைத்துத் தின்றாள். ஒன்று முடித்து இன்னொன்று. நான் அவள் கையைப் பார்த்தேன். உருண்ட, கறுத்த, பளபளப்பான கை. முழங்கையில் கபடி விழுப்புண். பன்னைத் தின்றால் அது உடம்பில் சேரும் கை. அவள் கணையம் எந்த நினைப்பும் இல்லாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அப்போது எனக்குள் வந்த கேள்வியை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இது ஏன் இவளுக்கு வரவில்லை? வாரிவாரித் தின்கிறவள் இவள்தானே? அளந்து தின்ற என் மகளுக்கு ஏன்? எனக்குச் சாப்பாடு கொண்டு வந்த பிள்ளையைப் பார்த்து நான் அப்படிக் கேட்டேன். அக்கா இதைப் படிக்கும்போது அவருக்கும் தெரியவரும். தெரியட்டும்.

மூன்றாம் நாள் பவித்ராவை வார்டுக்கு மாற்றினார்கள். கண் விழித்துப் பேசினாள். ஆனால் விரலில் குத்த வந்தாலே கையை இறுக்கி மூடிக்கொண்டு அழுதாள். நர்ஸ் அதட்டினாள், கெஞ்சினாள். செல்வி தன் கையை நீட்டினாள்.

"சிஸ்டர், முதல்ல எனக்குக் குத்துங்க. ஏ பவி, நான் கத்துனா நீ குத்திக்கிட வேண்டாம், சரியா?"

குத்தினார்கள். செல்வி கத்தவில்லை. மீட்டரைப் பார்த்து நர்ஸ் சிரித்தாள். "தொண்ணூத்திரெண்டு. ஒண்ணாம் நம்பர்."

என் மகளுக்கு அன்று முந்நூற்றுப் பத்து. அந்தத் தொண்ணூற்றிரண்டை நான் எத்தனையோ நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். செல்வியின் கணக்கு மதிப்பெண்ணைக்கூட நான் அப்படி நினைத்ததில்லை. என்ன தின்றாலும் அதைச் சுற்றியே நிற்கிற எண். எந்தத் தராசிலும் தெரியாத எண். ஐம்பத்தெட்டு கிலோவுக்குள் அது இருந்தது. முப்பத்தைந்துக்குள் இல்லை.

இனி வாழ்நாள் முழுக்கத் தினம் இரண்டு ஊசி, காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். சாப்பிட்டுவிட்டு ஊசி போடாவிட்டால் பழைய ஆபத்து. வீட்டில் போட இரண்டு பேராவது பழக வேண்டும் என்றார்கள். நானும் அக்காவும் உட்கார்ந்தோம். ஆரஞ்சுப் பழத்தில் தண்ணீரைக் குத்திப் பழக்கினார்கள். சிரிஞ்சில் காற்றுக் குமிழி இல்லாமல் மருந்தை இழுக்க வேண்டும். அளவுக்கோடு மிக நுணுக்கம். நான் இழுத்ததில் இரண்டு தடவையும் குமிழி வந்தது. நாளெல்லாம் பெட்டியின் ஓரம் மடித்துப் பழகிய அக்காவின் விரல்கள் முதல் தடவையே சரியாகச் செய்தன. பிறகு பவித்ராவின் தொடையில் நான் போட்டபோது அவள் "அம்மா" என்று அலறினாள். மறுநாள் அக்கா போட்டார்.

"போட்டாச்சா பெரியம்மா?"

"போட்டு அஞ்சு நிமிசமாச்சு, தாயி."

"அப்ப இனிமே நீங்களே போடுங்க."

நான் திரும்பிக்கொண்டு ஜன்னல் வழியாக ஆம்புலன்ஸ்கள் நிற்கிற இடத்தைப் பார்த்தேன். பி.ஏ., பி.எட். படித்த கை எனக்கு.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம். தீபாவளி ஆஸ்பத்திரியிலேயே முடிந்திருந்தது. இன்சுலினைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்பதால் என் மகளின் உயிர்மருந்து அக்காவின் ஃபிரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில் இருந்தது. தினம் இரண்டு தடவை அவள் முன்வீட்டுக்குப் போனாள். காலையில் அக்கா போடுவார். சில வாரம் கழித்து, இரவு ஊசியை அங்கேயே தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். எல்லாரும் பாராட்டினோம். மீட்டரில் வரும் எண்ணை ஒரு நோட்டில் எழுதினாள். நோட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

உடம்பு ஏறியது. இன்சுலின் வந்ததும் தின்றது சேரத் தொடங்கியது. மூன்று மாதத்தில் நாற்பத்தாறு. கன்னம் நிறைந்தது. ஒருநாள் கொட்டகையில் பாண்டியம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

"இப்பத்தான் டீச்சர் மக உருண்டு தெரண்டு செல்வி கணக்கா இருக்கா!"

பாண்டியம்மா வாழ்த்தித்தான் சொன்னார். செல்வி கணக்கா என்ற சொல்லில் என் முகம் சுருங்கிவிட்டது. கண்ணிமைக்கும் நேரம்தான்; உடனே சிரித்தேன். பவித்ரா அந்த நேரத்தில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. ரத்தச் சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, முந்தைய மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும். அன்றைக்கு மட்டும் நல்ல பிள்ளையாக இருந்து அதை ஏமாற்ற முடியாது. முதல் தடவை எட்டு சதவீதம். நல்லது என்றார் டாக்டர். இரண்டாம் தடவை நான், பவித்ரா, அக்கா, செல்வி நான்கு பேரும் விடியற்காலை பஸ் பிடித்துப் போனோம். அக்கா என் துணைக்கு. செல்வி பவித்ராவின் துணைக்கு. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். முடிவு பன்னிரண்டரை சதவீதம்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். எடையைப் பார்த்தார். நாற்பத்தொன்று. "நோட்டு ஒண்ணு சொல்லுது, ரத்தம் வேற சொல்லுது. எடை மறுபடி இறங்குது. ஊசியை விடுறியாம்மா?"

பவித்ரா தரையைப் பார்த்தாள். "இல்ல சார்."

"இப்படியே போனா திரும்ப அந்த ஐ.சி.யூ. தான். அப்புறம் கண்ணு, கிட்னி" என்றார் என்னைப் பார்த்து. எடை இறங்கியதை நானும்தான் கவனித்திருந்தேன். முகம் வடிவாக வருகிறது என்று மனசுக்குள் நினைத்திருந்தேன். ஆமாம், அவ்வளவு நடந்த பிறகும்.

வராந்தாவில் செல்வி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"சித்தி, அவ சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ராத்திரி ஊசில மருந்த இழுப்பா, தொட்டில பீச்சி விட்டுருவா. நோட்டுல சும்மா எழுதுதா. நான் போன வாரம்தான் பாத்தேன். அடிச்சுக்கூடப் பாத்தேன் சித்தி, கேக்க மாட்டேங்கா."

என் மகளின் ரகசியம் செல்விக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அதற்கும் ஒரு நொடி பொறாமைப்பட்டேன். பிறகுதான் பயம் வந்தது.

கேன்டீனில் ஓரமாக ஒரு மேசை. ரத்தம் கொடுப்பதற்காகத் தள்ளிவைத்த காலை ஊசியை இனிமேல்தான் போட வேண்டும். பவித்ராவை என் எதிரே உட்கார வைத்தேன்.

"ஏம்மா இப்படிப் பண்ணுன?"

"போட்டா குண்டாவுறேன்."

"ஆனா என்ன?"

"போடலேன்னா இறங்குது. முன்னாடி மாதிரி."

"இறங்கி? இறங்கி என்ன செய்யப்போற?"

"நீ சந்தோசமா இருப்ப" என்றாள். குற்றம் சாட்டும் குரல்கூட அதில் இல்லை. எனக்கு ஒரு பொருள் வாங்கிவைத்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

அக்கா பக்கத்தில் இருக்கிறார், செல்வி இருக்கிறாள். அவர்கள் எழுந்து போகட்டும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். போகவில்லை.

"நீ இளைச்சப்போ நான் சந்தோசப்பட்டது நிசம்" என்றேன். "ஆனா அது உனக்காக இல்ல. உங்க பெரியம்மாவை ஜெயிச்சுட்டதா நினைச்சேன். அவுக எல்லாத்துலயும் எனக்கு மேல. நீ ஒல்லியா இருக்கது ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துச்சு. நீ செத்துக்கிட்டு இருந்துருக்க, நான் காலண்டர்ல மார்க் போட்டுக்கிட்டு இருந்துருக்கேன். அவுக டாக்டர்ட்ட காட்டச் சொன்னப்பவும் பொறாமையில சொல்றாகன்னு நினைச்சேன்."

பவித்ரா அக்காவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அக்கா தம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"பதினாறு வருசமா ஒரே குழாயில தண்ணி பிடிக்கோம். இது எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார். "நான் மட்டும் என்னவாம்? நீ சேலை மடிப்புக் கலையாம பள்ளிக்கூடம் போம்போதெல்லாம் பசைச்சட்டிய உம்மேல கவுத்தணும்போல இருக்கும்."

செல்வி பக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கு அழுகையும் சேர்ந்து வந்தது.

பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்தேன். சிரிஞ்சில் இழுத்தேன், குமிழியைத் தட்டி வெளியேற்றினேன், அளவைச் சரிபார்த்தேன். இதெல்லாம் இப்போது எனக்கும் வரும். பவித்ரா என் கையைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அவள் கேட்பதற்கு முன்பு நான் சிரிஞ்சை அக்காவிடம் நீட்டினேன்.

"நீங்க போடுங்கக்கா. ராத்திரி ஊசியும் இனி நீங்கதான். அவ எம்புட்டு அடம்பிடிச்சாலும் அவ கையில குடுக்காதீக. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிடுறேன்."

அதைச் சொல்லும்போது வயிற்றில் எரிந்தது. இன்றும் தினம் இரண்டு வேளை எரிகிறது. ஆனால் மருந்து உள்ளே போகிறது.

அக்கா துணியை விலக்கிப் போட்டு முடித்ததைப் பக்கத்து மேசைகளில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அரைமணி நேரம் கழித்து, டாக்டர் சொன்ன அளவுப்படி மூன்று இட்லி வந்தது. ஊசி போட்டாயிற்று, மூன்றையும் தின்றாக வேண்டும். பவித்ரா இரண்டைத் தின்றுவிட்டு நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

தன் பூரியை முடித்துவிட்ட செல்வி கையை நீட்டினாள். "வேண்டாம்னா இங்கிட்டுத் தள்ளு. எனக்குப் பசி ஆறல."

பவித்ரா தட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏய், போடி. இது எனக்கு."